எம்பிளம்: சின்னமா, பொருட்படமா?

கார் முகப்பில் பதித்திருக்கும் எம்பிளத்தைத் தமிழில் சின்னம் என்றால் போதும். ஆனால் 17ஆம் நூற்றாண்டு டச்சுக் காதல் கவிதைகளின், படமும் செய்யுளும் சேர்ந்த 'எம்பிளம் புத்தகங்களை'ச் சின்ன நூல் என்று எழுதினால் வாசகர் கொடியையும் முத்திரையையும்தான் தேடுவார்.

சொல் கிரேக்கம். 'எம்பிளேமா' என்றால் உள்ளே பதித்தது. லத்தீனில் வெள்ளிப் பாத்திரத்தில் பொருத்தும் புடைப்பு வேலைக்கும் அதுவே பெயர். 1531இல் ஆக்ஸ்பர்க் நகரில் இத்தாலியச் சட்ட அறிஞர் ஆந்திரேயா அல்சியாட்டோவின் நூல் அச்சான பிறகு வாசகம், படம், செய்யுள் மூன்றும் சேர்ந்த வடிவத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அதை முழுக்கக் காதல் பக்கம் திருப்பியவர்கள் டச்சுக்காரர்கள். 1601இல் கவிஞர் டேனியல் ஹைன்சியஸ் தொடங்கிவைத்தார். 1608இல் ஆன்ட்வெர்ப்பில் வந்தது ஓட்டோ வேனியஸின் தொகுப்பு. ரூபன்ஸுக்கு ஓவியம் கற்பித்தவர் இவர். மொத்தம் 124 படங்கள். அதில் ஒன்று: மெழுகுவத்திச் சுடரைச் சுற்றி விட்டில்கள், பக்கத்தில் சிறகு முளைத்த காதல் பையன். 'குறுகிய, கேடான இன்பம்' என்று லத்தீன் வாசகம். எதிர்ப்பக்கத்தில் அதே கருத்து மூன்று மொழிகளில். படம் செம்புத் தகட்டில் கோடு கோடாகக் கீறியது. அச்செழுத்தில் மேட்டில் ஒட்டும் மை, இதில் பள்ளத்தில் நிற்கும். அதனால் படமும் எழுத்தும் வேண்டிய தாள் இரண்டு அச்சுக்குப் போகவேண்டும்.

டச்சில் இதற்கு 'ஸின்னபேல்ட்' என்று பெயர். காதுக்குச் சின்னம் போலக் கேட்டாலும் உறவு ஏதுமில்லை. 'ஸின்' பொருள், 'பேல்ட்' படம். 'மின்ன' என்றால் காதல், அதனால் காதலைப் பற்றியது 'மின்னபேல்ட்'. டச்சுக் கவிஞர் யாக்கோப் காட்ஸ் 1618இல் ஒரே படத்துக்குக் காதல், ஊர் நடப்பு, பக்தி என்று மூன்று பொருள் சொன்னார்.

சரி, தமிழில்? கருத்துப்படம் என்ற சொல்லைக் கார்ட்டூன் எடுத்துக்கொண்டுவிட்டது. அகப்பாட்டை நினைத்து 'உள்ளுறைப்படம்' என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் உள்ளுறையை வாசகரே கண்டுபிடிக்கவேண்டும். இங்கே செய்யுள் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுகிறது. டச்சுக்காரர் வழியிலேயே 'பொருட்படம்' என்று வைக்கலாம். மெழுகுவத்தியும் பொருள், அது சொல்லவருவதும் பொருள். டச்சுச் சொல்லில் இந்த இரட்டிப்பு இல்லை. மின்னபேல்ட்டுக்கு 'காதல் பொருட்படம்'. கார் முகப்பில் இருப்பது சின்னமாகவே இருக்கட்டும்.