முதலில் ஒரு வைஸ்

அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்குகிறவர்களைப் பாருங்கள். பலகையைக் காலால் மிதித்துக்கொள்வார்கள். அலகு அசையாது. இரண்டு கையும் காய்க்கு. தேங்காய் துருவியும் அப்படித்தான், பலகை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் உடம்பு எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். அம்மிக்கு அந்தத் தயவும் வேண்டாம், தன் கனத்திலேயே கிடக்கும். வெட்டுவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும் என்பது நம் சமையலறைக்கு எப்போதோ தெரிந்த விஷயம்.

கார் ஷெட்டில் ஓர் ஓரம் ஒதுக்கிப் பட்டறை போடும்போது மட்டும் இது மறந்துபோகிறது. முதலில் ட்ரில் வாங்குகிறோம். அப்புறம் கிரைண்டர், ஸ்பானர் செட். வேலைப்பொருளைப் பிடிக்க என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஒரு பழைய ஸ்டூலும் நம் இடது கையும்தான்.

நானும் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். ஒரு சாயங்காலம் ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புப் பட்டை ஒன்றில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். பட்டை ஸ்டூல் மேல், அதன் மேல் என் இடது கை. துளை முக்கால்வாசி போகும்வரை ஒரு சிக்கலும் இல்லை. ட்ரில்லில் மாட்டிய பிட் அடிப்பக்கம் எட்டிப் பார்த்த அந்த நொடியில் பட்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அரை வட்டம் சுழன்றது. கட்டைவிரல் அடியில் நான்கு தையல்.

அந்த நொடியில் நடந்தது இதுதான். பிட்டின் நடு முனை இரும்பை அவ்வளவாக வெட்டாது, அழுத்தித் தேய்த்துக்கொண்டுதான் இறங்கும். நாம் மேலிருந்து கொடுக்கிற அழுத்தத்தில் பெரும்பகுதியை அதுதான் வாங்கிக்கொள்கிறது. முனை வெளியே வந்ததும் அந்தத் தடை சட்டென்று மறைந்துவிடும். கை அழுத்துவது குறையவில்லை. அழுத்தம் முழுவதும் ஓரத்து வெட்டுமுனைகளுக்குப் போக, அவை தேவைக்கு மேல் ஆழமாகக் கடிக்கின்றன. பிட்டின் சுருள் பள்ளம், மரையாணி மரத்தில் ஏறுவதுபோல மிச்ச இரும்பில் தானே ஏறிக்கொள்ளப் பார்க்கும். மோட்டார் நிற்காது. அப்போது பட்டை சுற்றியாக வேண்டும். அந்தத் திடீர் முறுக்கை, பட்டையை மேலிருந்து அழுத்திப் பிடித்திருக்கும் கை எதிர்த்து நிற்க முடியாது.

அதனால், பட்டறை போடப்போகிறேன், முதலில் என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: வேலைப்பொருளை இறுக்கிப் பிடிக்கும் நான்கு அங்குல வைஸ் ஒன்று, அதைச் சுமக்க அசையாத மேஜை ஒன்று. மற்றதெல்லாம் பிறகு.

வைஸைப் பார்த்தால் ஒரு திருகும் இரண்டு தாடையும்தான். அந்தத் திருகு என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் மரியாதை வரும். கைப்பிடியை நடுவிலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழுச் சுற்றுக்கு உங்கள் கை சுமார் 75 சென்டிமீட்டர் போகிறது. அதே சுற்றில் தாடை நகர்வது ஒரு மரை இடைவெளி, அதாவது ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். 750-ஐ 4-ஆல் வகுத்தால் 188. பத்து கிலோ விசையில் தள்ளினால், உராய்வே இல்லாத உலகில், தாடையில் 1,880 கிலோ அழுத்தம் கிடைக்கும்.

நம் உலகில் உராய்வு இருக்கிறது. மரைக்குள்ளும் திருகின் தலைக்கு அடியிலும் சேர்த்து, நாம் கொடுப்பதில் முக்கால் பங்குக்கு மேல் உராய்வுக்கே போய்விடும். தாடைக்கு வந்து சேருவது சுமார் 400 கிலோ. பிடிப்பதற்கு அதுவே தாராளம்.

அந்த முக்கால் பங்கு வீண்தானே என்று தோன்றும். வைஸில் எனக்கு ரொம்பப் பிடித்த இடமே இதுதான்: அந்த உராய்வு இல்லாவிட்டால் வைஸே இல்லை. கையை எடுத்த பிறகும் அது பிடித்துக்கொண்டே இருக்கிறதே, ஏன்? அந்த 400 கிலோ, திருகைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வெளியேறியிருக்க வேண்டும் இல்லையா?

திருகின் மரையைப் பிரித்து நேராக நீட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். கிடைப்பது ஒரு சரிவு. திருகின் குறுக்களவு 20 மில்லிமீட்டர் என்றால் ஒரு சுற்றின் நீளம் 63 மில்லிமீட்டர். அந்தத் தூரத்துக்கு ஏற்றம் வெறும் 4 மில்லிமீட்டர், கோணமாகச் சொன்னால் மூன்றரை டிகிரியைக் கொஞ்சம் தாண்டும். இப்போது ஒரு பலகை மேல் தீப்பெட்டியை வைத்துப் பலகையை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். முதலில் ஒன்றும் ஆகாது. ஒரு குறிப்பிட்ட சாய்வு வந்த பிறகுதான் பெட்டி சறுக்கும். இரும்பு மேல் இரும்பு, நடுவில் கிரீஸ் என்றால் அந்தச் சறுக்கும் கோணம் ஏறக்குறைய ஆறு டிகிரி. காய்ந்துபோயிருந்தால் அதற்கும் மேல். நம் திருகின் சரிவு அதைவிடக் குறைவு. ஆகவே தாடை எவ்வளவு கனமாகத் தள்ளினாலும் மரை சறுக்கி இறங்காது. இறுக்கின இடத்திலேயே நிற்கும். கார் டயர் மாற்றும்போது திருகு ஜாக்கியில் கையை எடுத்தாலும் வண்டி இறங்காமல் நிற்பதற்கும் இதே கணக்குத்தான்.

கிரீஸ் போட்டால் பிடி நழுவிவிடுமோ என்று பயந்து வைஸ் திருகைக் காயப்போட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. நழுவாது. மூன்றரைக்கும் ஆறுக்கும் நடுவில் போதுமான இடம் இருக்கிறது. கிரீஸ் போட்டால் அதே பத்து கிலோவில் இன்னும் இறுகப் பிடிக்கும். தாராளமாகப் போடுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கணினி ஓட்டும் சிஎன்சி இயந்திரங்களில் மரைக்கு நடுவே எஃகுக் குண்டுகள் உருளும் திருகு இருக்கும். அதன் திறன், அதாவது கொடுத்த உழைப்பில் வேலைக்குப் போய்ச் சேருவது, நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு. உராய்வு அவ்வளவு குறைந்துவிட்டதால் அது தானாகப் பூட்டிக்கொள்ளாது. மேலும் கீழும் ஓடும் அச்சு என்றால், கரண்ட் போனால் கீழே இறங்கிவிடாமல் இருக்கத் தனியாக பிரேக் வைக்கிறார்கள். தானாகப் பூட்டிக்கொள்ளும் சாதாரணத் திருகு எதுவும் பாதிக்கு மேல் திறன் காட்டாது. இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது.

நல்ல திருகைச் செய்வது ஒரு காலத்தில் பெரும்பாடு. பெரும்பாலும் மரையை அரம் கொண்டு கையால்தான் ராவுவார்கள். 1800-ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே, ஒரே சீராக மரை வெட்டும் லேத்தை (கடைசல் இயந்திரத்தை) நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவர் வாழ்க்கையிலும் ஒரு வைஸ் வருகிறது. 18 வயதில் ஜோசப் பிராமாவின் பூட்டுப் பட்டறைக்கு வேலை கேட்டுப் போனபோது, முறைப்படி ஏழு வருடத் தொழிற்பயிற்சி முடிக்காத பையன் என்று மற்ற தொழிலாளிகள் தயங்கினார்களாம். அங்கே கிடந்த ஒரு தேய்ந்த வைஸைக் காட்டி, சாயங்காலத்துக்குள் இதைச் சரிசெய்து தருகிறேன், பிறகு சொல்லுங்கள் என்றாராம் மாட்ஸ்லே. செய்து முடித்தார், வேலை கிடைத்தது.

மாட்ஸ்லேயின் பட்டறையில் இளம் வயதில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த்தான் 1841-இல் மரைகளுக்கு ஒரு பொது அளவை முன்வைத்தவர். அதுவரை ஒரு பட்டறையின் நட் அடுத்த பட்டறையின் போல்டில் ஏறாது. நம் ஹார்டுவேர் கடைகளில் இன்றும் நூல் கணக்கில் போல்ட் கேட்கிறோம். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று, நாலு நூல் என்றால் அரை அங்குலம். அந்த அரை அங்குல விட்வொர்த் போல்டில் அங்குலத்துக்கு 12 மரை. பக்கத்து டப்பாவில் இருக்கும் 12 மில்லிமீட்டர் போல்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் மரை இடைவெளி வேறு. வைஸ் மாட்டப் போல்ட் வாங்கும்போது நட்டைக் கடையிலேயே முழுக்க ஏற்றிப் பார்த்து வாங்குங்கள். இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகினால் அது வேறு சாதி.

பல வைஸ்களின் உடம்பு வார்ப்பிரும்பு. அதற்குள் கிராஃபைட் மெல்லிய செதில் செதிலாகச் சிதறிக் கிடக்கிறது. ஸ்பானரால் தட்டினால் எஃகு ‘டிங்’ என்று நீளமாக ஒலிக்கும், வார்ப்பிரும்பு ‘டொக்’ என்று அடங்கிவிடும். அதிர்வை அந்தச் செதில்கள் விழுங்கிக்கொள்கின்றன. லேத் படுக்கைகளை வார்ப்பிரும்பில் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இழுவிசை வரும்போது அதே செதில்கள் ஏற்கெனவே விட்டுவைத்த விரிசல்போல நடந்துகொள்ளும். அழுத்தத்தைத் தாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு இழுவையைத் தாங்கினால் பெரிது.

இதனால்தான் வைஸின் கைப்பிடி குட்டையாக இருக்கிறது. குட்டையாக இருப்பது குறை இல்லை, பாதுகாப்பு. அதில் இரண்டடி பைப்பைச் செருகி இறுக்கினால் 400 கிலோ இரண்டு டன் ஆகிவிடும். தாடை வளையப் பார்க்கும், அதன் உட்பக்கம் இழுபடும், வார்ப்பிரும்பு எச்சரிக்கை எதுவும் கொடுக்காமல் உடையும். கோவை கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் அப்படி உடைந்த தாடை ஒன்றைக் காட்டினார்கள். உடைந்த முகத்தில் வளைந்த தடமே இல்லை, கற்கண்டை உடைத்ததுபோலச் சாம்பல் நிற மணி மணியாக இருந்தது. சுத்தியலால் அடிக்கும் வேலை இருந்தாலும், அடி நிலையான தாடைப் பக்கம் போய்ச் சேரும்படி நின்று அடியுங்கள். நகரும் தாடை அடி வாங்குவதற்குச் செய்யப்பட்டதில்லை.

சரி, மேஜைக்கு வருவோம். வைஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மேஜை ஆடினால் உங்கள் உழைப்பில் ஒரு பங்கு மேஜையை ஆட்டுவதற்கே போகும். நான்கு கால், மேலே ஒரு பலகை என்று செய்தால் பக்கத்திலிருந்து பார்க்க அது ஒரு செவ்வகம். செவ்வகத்தின் மூலைகள் கொஞ்சம் இளகினாலும் அது சாய்சதுரமாகச் சரியும், எந்தப் பக்கத்தின் நீளமும் மாற வேண்டியதில்லை. முக்கோணத்தால் அப்படிச் சரிய முடியாது, சரிய வேண்டுமென்றால் ஒரு பக்கம் நீள வேண்டும் அல்லது குறுக வேண்டும். மின்கோபுரம் முழுக்க முக்கோணமாக இருப்பது இதனால்தான். மேஜையின் பின்பக்கமும் இரண்டு ஓரங்களிலும் குறுக்காக ஒரு சட்டம் அடித்தாலோ, ஒரு பிளைவுட் பலகையை முழுசாக அறைந்துவிட்டாலோ போதும். என் பழைய மேஜையை நான்கு சட்டங்கள் திருத்தின. அதுவரை காலுக்கடியில் அட்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

மேல்பலகையின் கனத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பலகையின் கனம் இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்கு ஆகும். ஓர் அங்குலப் பலகைக்கும் இரண்டு அங்குலப் பலகைக்கும் விலையில் இருக்கிற வித்தியாசத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எடையும் வேண்டும். அரம் போடும்போது நாம் தள்ளுவது பத்துப் பன்னிரண்டு கிலோ. மேஜையும் வைஸும் சேர்ந்து 30 கிலோ, அகலம் 50 சென்டிமீட்டர், வைஸ் வாய் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரம் என்றால், அந்த மேஜை எட்டு கிலோவைக் கொஞ்சம் தாண்டிய தள்ளலிலேயே பின்னங்கால் மேல் எழும்பப் பார்க்கும். அதனால் கீழ்த்தட்டில் கனமான சாமான்களை அடுக்குங்கள், அல்லது மேஜையைச் சுவரோடு அங்கர் போல்ட் போட்டுக் கட்டுங்கள். அங்கரும் உராய்வால்தான் நிற்கிறது. இறுக்க இறுக்க உள்ளே இருக்கும் கூம்பு உறையை விரித்துச் செங்கல்லோடு அழுத்தும். அது விரிய வேண்டியது செங்கல்லுக்குள், பூச்சுக்குள் இல்லை. பூச்சின் கனத்தை விட்டுவிட்டு ஆழத்தைக் கணக்கிடுங்கள்.

வைஸை மேஜைக் காலுக்கு நேர் மேலே வையுங்கள். நிலையான தாடை மேஜை விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நிற்கட்டும், அப்போதுதான் நீளமான கம்பியை நெட்டுக்குத்தலாகப் பிடிக்க முடியும். உயரத்துக்கு ஐடிஐ ஃபிட்டர் வகுப்பில் சொல்லித்தரும் வழி ஒன்று உண்டு: நேராக நின்று கையை மடக்கி முஷ்டியை உங்கள் முகவாய்க்கு அடியில் வைத்தால், முழங்கை வைஸ் வாயின் மேல் உரச வேண்டும்.

மாட்டின போல்டுகள் சில வாரங்களில் இளகும். போல்ட் என்பது இறுக்கும்போது இழுபட்டு நீளும் ஒரு விறைப்பான ஸ்பிரிங். அந்த இழுவைதான் நட்டை அழுத்தி, உராய்வால் அதைச் சுற்றவிடாமல் வைத்திருக்கிறது. 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் சோதனையில் காட்டியது, போல்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிடக் குறுக்குவாக்கில் வரும் அசைவுதான் நட்டைக் கழற்றுகிறது என்பது. பொருள்கள் ஒன்றின் மேல் ஒன்று பக்கவாட்டில் சறுக்கும் அந்தக் கணத்தில், சுற்றுவதைத் தடுக்கும் உராய்வும் சேர்ந்து போய்விடுகிறது. நட் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். அரமும் ஹேக்ஸாவும் வைஸுக்குக் கொடுப்பது முழுக்கப் பக்கவாட்டு அசைவுதான். ஸ்பிரிங் வாஷர் இதில் பெரிதாக உதவாது. நைலான் வளையம் வைத்த நட் போடுங்கள். மரப்பலகை என்றால் அடியில் அகலமான இரும்புத் தகடு வேண்டும், இல்லாவிட்டால் நட் மரத்தில் அமிழ்ந்து இழுவை குறைந்துவிடும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை இறுக்கிவிடுங்கள்.

எல்லாம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதைக் காது சொல்லிவிடும். ஓர் இரும்புப் பட்டையைப் பிடித்து அரம் போட்டுப் பாருங்கள். கிறீச்சென்று பல் கூசுகிற சத்தம் வந்தால், அரம் கடிப்பதும் வழுக்குவதுமாக மாறி மாறிப் பட்டையை அதிர வைக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் பட்டை வாய்க்கு மேலே அதிகம் நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே நீட்டும் நீளத்தைப் பாதியாகக் குறைத்தால், அதே தள்ளலுக்கு அது வளைவது எட்டில் ஒரு பங்காகிவிடும். வைஸைத் தளர்த்தி, பட்டையைக் கீழே இறக்கி, ஒரு விரல் கனம் மட்டும் மேலே தெரியும்படி மறுபடி இறுக்குங்கள். இப்போது அதே அரம், அதே கை. சர்… சர்… என்று இரும்புத்தூள் விழும்.