நாவல் கொட்டைப் பொடியும் லேப் ரிப்போர்ட்டும்

சர்க்கரை நோய்க்கென்று விற்கும் நாவல் கொட்டைப் பொடி டப்பாக்களில் 'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்று போட்டிருப்பார்கள். மூலிகைச் சாறுகளைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு. அந்த ஆராய்ச்சி பெரும்பாலும் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

கொட்டையை நிழலில் உலர்த்தி, இடித்து, மெத்தனால் என்ற ஒரு வகை ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டுவோம். மெத்தனாலை ஆவியாக்கிவிட்டால் பிசுபிசுவென்று ஒரு பழுப்புக் குழம்பு மிஞ்சும். சோதனைக்குப் போவது இதுதான். நீங்கள் மோரில் கலக்கிக் குடிக்கும் பொடி வேறு. மெத்தனாலில் இறங்குவதெல்லாம் மோரில் இறங்காது.

மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்சைமோடு இந்தக் குழம்பைச் சேர்த்து, என்சைமின் வேலை எவ்வளவு தடைபடுகிறது என்று பார்ப்போம். ஒப்பிடுவதற்காக, அகார்போஸ் என்ற சர்க்கரை நோய் மருந்தும் சோதனைத் தட்டின் பக்கத்துக் குழியில் இருக்கும். சாறு அதையே முந்திவிட்டால் கட்டுரை தயார். ஆனால் நாவல் கொட்டையை மென்றவர்களுக்குத் தெரியும், நாக்கே இழுத்துக்கொள்ளும் துவர்ப்பு. அது டானின். எந்தப் புரதம் கிடைத்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும். என்சைமும் புரதம்தானே! டானினை நீக்கிவிட்டு மறுபடி பார்த்தால்தான் சாறில் வேறு சரக்கு உண்டா என்று தெரியும். இதைச் செய்யாமலே 'சர்க்கரையைக் கட்டுப்படுத்தும்' என்று முடித்துவிடுகிற கட்டுரைகள் உண்டு.

பழச்சதையில் வேறு தலைவலி. ஆக்சிஜனேற்றத் தடுப்புக்கான சோதனையில், டி.பி.பி.எச். என்ற ரசாயனத்தின் ஊதாக் கரைசல் சாறு சேர்ந்ததும் எவ்வளவு வெளுக்கிறது என்று 517 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளக்கிறோம். பழத்தின் சொந்த ஊதா நிறமும் ஏறக்குறைய அங்கேயே ஒளியை உறிஞ்சும். வெறும் சாறைத் தனியாக அளந்து கழிக்காவிட்டால் கணக்கே தப்பு.

சரி, மனிதர்களிடம் சோதித்தார்களா? பிரேசிலில் சோதித்தார்கள், கொட்டையை அல்ல, நாவல் இலைத் தேநீரை. அங்கே அது சர்க்கரைக்கு வழக்கமான நாட்டு வைத்தியம். ஒரு பிரிவு நோயாளிகளுக்குத் தேநீர், இன்னொரு பிரிவுக்கு கிளைபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை. மாத்திரையில் சர்க்கரை இறங்கியது, தேநீரில் இறங்கவில்லை.

பழத்தைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், அதோடு எனக்குச் சண்டையில்லை. பொடி சாப்பிட்டே ஆகவேண்டும் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுங்கள். மூன்று மாதம் கழித்து, சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. ரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்கள். மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் வாய்ப்புண்டு. வியர்த்துக் கை நடுங்கினால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.