ஃபேன்டசியை ‘மிகுபுனைவு’ என்று சொல்லலாமா?

ஃபேன்டசி நாவல் என்று சொன்னால் யாருக்கும் விளங்கிவிடும். தமிழில் சொல்லப்போனால்தான் சிக்கல். மாயக்கதை, கற்பனைக்கதை, கனவுருப்புனைவு, மிகுபுனைவு என்று ஆளுக்கொரு சொல். சயின்ஸ் ஃபிக்ஷனுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. சுஜாதா காலத்து ‘விஞ்ஞானக் கதை’ பிறகு ‘அறிவியல் புனைகதை’ ஆனது, இப்போது ‘அறிபுனை’ என்று சுருங்கியும் வழங்குகிறது. ஆங்கிலத்திலேயே அந்தப் பெயர் நிலைக்க நாளாயிற்று. 1926-இல் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழைத் தொடங்கிய ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக், ‘சயின்டிஃபிக்ஷன்’ என்ற வாயில் நுழையாத சொல்லைத்தான் முதலில் வைத்திருந்தார்.

ஃபேன்டசியின் வேர் கிரேக்கம். ‘ஃபேன்டசியா’ என்றால் தோற்றம், மனக்கண்ணில் எழும் உரு. அதற்கும் அடியில் ‘காட்டு, வெளிப்படுத்து’ என்று பொருள்படும் வினை இருக்கிறது. பேயைக் குறிக்கும் ‘ஃபேன்டம்’ அதே வேரில் பிறந்தது. விஞ்ஞானிகள் ஓயாமல் சொல்லும் ‘ஃபினாமினன்’, அதாவது நிகழ்வு, அதுவும் அங்கிருந்து வந்ததுதான். பேயும் ஆய்வுக்கூடமும் சொல்லளவில் பங்காளிகள்.

இந்தத் தமிழ்ப் பெயர்களில் பலவற்றுக்கும் அடிப்படை ‘புனை’. இதைப் பொய் சொல்வது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடுத்தல், அழகுசெய்தல், இயற்றுதல் எல்லாம் இதன் பொருள்கள். ‘கைபுனைந்து இயற்றாக் கவின்பெறு வனப்பு’ என்கிறது திருமுருகாற்றுப்படை. மனிதக் கை செய்யாத அழகு அது. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க, பூமாலை கட்டும் ஊரான தோவாளை போதும். அங்கே கட்டும் மாணிக்கமாலைக்கு அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடித்து மடித்துப் பாய் முடைவதுபோல் கோக்கிறார்கள். பூ தோட்டத்தில் பூத்தது, இலை செடியில் இருந்தது. தூரத்தில் மாணிக்கக்கல் பதித்ததுபோல் தெரிகிறதே, அது மட்டும்தான் கை புனைந்தது. அறிபுனையும் அப்படித்தான். தெரிந்த அறிவியலைப் பறித்துவந்து, இல்லாத வரிசையில் கோக்கிறது.

ஆனால் ‘மிகு’ எனக்கு ஒட்டவே இல்லை. அளவு மீறினால் ஃபேன்டசி என்று ஆகிவிடுகிறது. அண்மையில் படித்த உர்சுலா லெ குவின்னின் எர்த்ஸீ வரிசையின் முதல் நாவலில் (1968) எதுவும் அளவு மீறவில்லை. ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனுக்கே அது கட்டுப்படும். மந்திரம் போட்டால் உலகின் சமநிலை அசையும், அதனால் பெரிய மந்திரவாதிகள் சும்மா இருக்கவே பார்க்கிறார்கள். கெட் என்ற இளைஞன் வீம்புக்குச் செய்த ஒரு வேலையில் நிழல் ஒன்று அவிழ்ந்துவிடுகிறது. மீதிக் கதை அவனுக்கும் அதற்கும் நடக்கும் துரத்தல். மந்திரப் பள்ளிக்கூடப் பகுதி கொஞ்சம் இழுவை. தோணியில் தனியே கிளம்பிய பிறகு புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. இதில் ‘மிகு’ எங்கே இருக்கிறது?

நம் ஊர்க் கதைகளில் வரும் பெண்பேயான யட்சியும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள்தான். ராத்திரி வழியில் நின்று சுண்ணாம்பு கேட்பாள். விரலால் கொடுத்தால் ஆள் தொலைந்தான், கத்தி நுனியில் வைத்து நீட்டினால் தப்பித்தான். இரும்பு அவளுக்கு ஆகாது. இந்த விதியை எடுத்துவிட்டால் பயமும் போய்விடும், கதையும் போய்விடும்.

அதனால் என் ஓட்டு ‘இல்பொருள் புனைவு’ என்பதற்கு. பள்ளியில் படித்த இல்பொருள் உவமையை நினைத்துக்கொள்ளுங்கள். உலகில் இல்லாத ஒன்றை உவமையாக்குவது. அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்தில் இது அபூத உவமை. ‘காளை கொம்பு முளைத்த குதிரை போலப் பாய்ந்து வந்தது’ என்று பாடப்புத்தகத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. கொம்பு முளைத்த குதிரை! மேல்நாட்டு ஃபேன்டசியின் யூனிகார்ன் வேறு என்னவாம்? குதிரையும் உண்டு, கொம்பும் உண்டு, இரண்டும் சேர்ந்த விலங்குதான் இல்லை. சொல் கொஞ்சம் நீளம், மேடைப் பேச்சுக்கு உதவாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘மிகு’வைப் போல முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லாது.

சரி, இரண்டு பக்கமும் கால் வைக்கும் புத்தகத்தை என்ன செய்வது? ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டூன்’ (1965) அப்படிப்பட்டது. வியர்வையையும் மூச்சின் ஈரத்தையும் மீட்டுக் குடிக்கத் தரும் உடை, செத்தவனுக்காகக் கண்ணீர் விட்டால் அவனுக்குத் தண்ணீரைத் தானம் கொடுத்ததாக மதிக்கும் பாலைவன மக்கள். இவையெல்லாம் அசலான அறிபுனை. நாயகனுக்கு எதிர்காலம் தெரியத் தொடங்கியதும் இல்பொருள் பக்கம் சாய்கிறது. எனக்குப் பிடித்தது முதல் பாதிதான்.

லெமூரியா கதை இதைவிட வேடிக்கை. 1864-இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் வைத்த ஊகம் அது. லெமூர் இன விலங்குகள் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்படுவதற்குக் காரணம் தேடி, நடுவே ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கலாம் என்றார். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு விஞ்ஞானம் அதைக் கைவிட்டது. நாம் அதைக் குமரிக்கண்டத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டோம். என் அலமாரியில் அதை இல்பொருள் தட்டில்தான் வைப்பேன். இதை நாகர்கோவில் டீக்கடையில் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், அது வேறு விஷயம்.