பாதியில் நின்ற க்வார்ட்டர் பன்னி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பன்னி என்றால் நம்மூர்ப் பன்றி இல்லை, வெள்ளைக்காரர் சொல்லும் முயலும் இல்லை. ஒரு முழு ரொட்டியைக் காலாகவோ பாதியாகவோ வெட்டி, நடுவைத் தோண்டி, அந்தக் குழியில் சுடச்சுட ஆட்டுக்கறிக் குழம்போ பீன்ஸ் குழம்போ ஊற்றித் தருவார்கள். அதுதான் பன்னி சௌ. வணிகரைக் குறிக்கும் பனியா என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். தோண்டியெடுத்த ரொட்டி மேலே மூடியாக உட்கார்ந்திருக்கும். அதைக் குழம்பில் தோய்த்து முதலில் தின்பதுதான் முறை. 1860இல் தொடங்கிக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்த குடும்பங்களில், கையில் கொடுத்த பன்னியைப் பாதியில் வைத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. போன ஆடி மாதம் வரை.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்களுக்குப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பல வருடச் சர்க்கரை. ஒரு விடுமுறைத் திங்களன்று இரண்டு வீட்டுக்கும் சேர்த்து க்வார்ட்டர் மட்டன் வாங்கியிருந்தோம். அக்கா மூடி ரொட்டியைத் தின்றார், நாலு துண்டு கறி தின்றார், அப்புறம் கை கழுவ எழுந்துவிட்டார். "போதும் தம்பி." அவருடைய மாமியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் நாள் கோயிலில் ஆடிக்கூழையும் இவள் பாதி டம்ளரோடு நிறுத்திவிட்டாள், எவளோ கண் வைத்துவிட்டாள் என்று சொல்லி, அன்று சாயங்காலமே உப்பும் மிளகாயும் எடுத்து மருமகளைச் சுற்றி அடுப்பில் போட்டார்.

யாரும் கண் வைக்கவில்லை. ஞாயிறுதோறும் காலையில் அக்கா வயிற்றில் ஒரு பேனா ஊசி போட்டுக்கொள்கிறார். மாமியாருக்கு அது தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் அக்கா கேட்டது இதுதான்: "குத்துறது வயித்துத் தோல்ல. கறியப் பாத்தா ஆசையே வரலையே, அது தலையில நடக்கிறது இல்லையா தம்பி?"

தலையில் நடப்பதுதான். ஆனால் சேதி கிளம்புவது குடலிலிருந்து.

அக்கா போட்டுக்கொள்ளும் மருந்தின் பெயர் செமாகுளுடைடு. சர்க்கரைக்கு ஒசெம்பிக், எடைக்கு வெகோவி என்று பெட்டிதான் வேறு, சரக்கு ஒன்று. நம் உடம்பே சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் பார்த்துச் செய்தது. சாப்பாடு சிறுகுடலுக்குள் இறங்கியதும் அங்குள்ள சில செல்கள் அதை இரத்தத்தில் விடுகின்றன. அது கணையத்தைத் தட்டி இன்சுலின் சுரக்க வைக்கும், அதுவும் இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் மட்டும். இரைப்பை காலியாவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். மூளைக்கு "வந்து சேர்ந்துவிட்டது" என்று சொல்லும். இதையெல்லாம் ஓட்டமாகச் சொல்கிறேன். ஏனென்றால் எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது.

இந்த ஹார்மோனில் பாதி தீர ஆவது சுமார் இரண்டே நிமிடம்.

பந்தியில் நாம் இலைமேல் கையை நீட்டிப் "போதும்" என்கிறோம். பரிமாறுகிறவர் அடுத்த இலைக்குப் போனதும் கையை எடுத்துவிடுகிறோம். ஜிஎல்பி-1 அப்படிப்பட்ட கை. சேதி சொல்லி முடிந்ததும் அது மறைந்தாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த வேளைக்குப் பசியே எடுக்காது. அதற்காகவே உடம்பு ஒரு கத்தரிக்கோல் வைத்திருக்கிறது. டிபிபி-4 என்ற நொதி. ஜிஎல்பி-1 என்பது முப்பது மணி கோத்த ஒரு சரம். மணி ஒவ்வொன்றும் ஓர் அமினோ அமிலம். முதல் மணி ஹிஸ்டிடின், இரண்டாவது அலனின். அந்த அலனினைக் கண்டதும் கத்தரிக்கோல் முதல் இரண்டு மணிகளையும் சேர்த்து நறுக்கிவிடும். மீதி இருபத்தெட்டு மணியும் அப்படியே இருந்தாலும் சேதி செத்துவிட்டது. கிடக்கிற நூலைச் சிறுநீரகம் வடித்து வெளியே தள்ளிவிடும்.

ஆக, இந்த ஹார்மோனை அப்படியே ஊசியில் ஏற்றினால் ஊசியை எடுப்பதற்குள் பாதி காணாமல் போகும். 1987இலேயே ஸ்வெட்லானா மோய்சோவ், ஜோயல் ஹாபனர், டென்மார்க்கில் யென்ஸ் ஹோல்ஸ்ட் ஆகியோரின் ஆய்வுகளால் இது இன்சுலினைத் தூண்டும் என்று தெரிந்துவிட்டது. மருந்தாக்கத்தான் வழி இல்லை. வழி காட்டியது ஒரு பல்லி.

அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவிலும் வாழும் ஹீலா பல்லி, விஷம் உள்ள தடித்த பிராணி. வருடத்துக்கு ஒரு சில தடவை வயிறு முட்டத் தின்றுவிட்டு மற்ற நாளெல்லாம் சும்மா கிடக்கும். நியூயார்க்கில் ஜான் எங் என்ற மருத்துவர் 1990களின் தொடக்கத்தில் அதன் விஷத்தைக் குடைந்துகொண்டிருந்தபோது எக்சென்டின்-4 என்ற ஒரு சரம் கிடைத்தது. முப்பத்தொன்பது மணி. ஏறக்குறைய பாதி, மனித ஜிஎல்பி-1 போலவே. ஆனால் இரண்டாவது மணி அலனின் இல்லை, கிளைசின்! கத்தரிக்கோலுக்குப் பிடி கிடைக்கவில்லை. இரண்டு நிமிடம் மணிக்கணக்காக நீண்டது. அதைச் செயற்கையாகச் செய்து, நாளுக்கு இரண்டு ஊசியாக, 2005இல் சர்க்கரை மருந்தாக விற்றார்கள்.

ஹாபனர் குழு இந்த வழிக்கு வந்ததே ஆங்லர்ஃபிஷ் என்ற தூண்டில் மீனின் கணைய மரபணுவைப் படிக்கப் போய்த்தான். அந்த மீனுக்கு இன்சுலின் சுரக்கும் பகுதி தனி உருண்டையாக இருக்கும், வெட்டி எடுக்கச் சுலபம். மீன் கணையமும் பல்லி விஷமும்! இதற்கெல்லாம் எதற்கு வரிப்பணம் என்று கேட்காத அரசியல்வாதி எந்த நாட்டில் இருக்கிறார்? நான் பிறந்த இந்தியாவும் சரி, பிழைக்க வந்த தென்னாப்பிரிக்காவும் சரி, உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்தைக்கூட ஆராய்ச்சிக்குச் செலவிடுவதில்லை. கேட்டால் "பயனுள்ள ஆராய்ச்சிக்கு முன்னுரிமை" என்பார்கள். பல்லி விஷம் எந்தப் பட்டியலில் வந்திருக்கும்?

சரி, மருந்துக்கு வருவோம். டென்மார்க்கில் லோட்டே பியர்ரே குனுட்சன் குழு பல்லியை நகலெடுக்கவில்லை. மனிதச் சரத்தையே வைத்துக்கொண்டு கொஞ்சம் கைவேலை செய்தார்கள். செமாகுளுடைடில் அந்த இரண்டாவது மணியில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஒரு மீத்தைல் தொகுதியை ஒட்டினார்கள். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான் மாற்றம். அலனின் சற்றே புடைத்துக்கொண்டது. கத்தரிக்கோல் வந்து வாயைத் திறக்கும், கவ்வ முடியாது. ஹார்மோன் வந்து ஒட்டிச் சேதி சொல்லும் ஏற்பிக்கோ பெரிய வித்தியாசம் தெரியாது, பழைய ஆளைப் போலவே வரவேற்கும்.

கத்தரிக்கோலை ஏமாற்றியாயிற்று. சிறுநீரகத்தை எப்படி ஏமாற்றுவது? இங்கேதான் எனக்குக் கைதட்டத் தோன்றும். சரத்தின் நடுவில் ஒரு மணியிலிருந்து பதினெட்டுக் கார்பன் நீளமுள்ள கொழுப்பு அமில வால் ஒன்றைத் தொங்கவிட்டார்கள். நம் இரத்தத்தில் அல்புமின் என்ற பெரிய புரதம் ஓடிக்கொண்டிருக்கிறது. கொழுப்பு அமிலங்களை ஏற்றி இறக்குவது அதன் வேலைகளில் ஒன்று. டர்பன் மினிபஸ் டாக்ஸி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். விரலைக் காட்டினால் நிறுத்தி ஏற்றிக்கொள்ளும், ஊரெல்லாம் சுற்றும். கொழுப்பு வாலைக் கண்டதும் அல்புமின் செமாகுளுடைடையும் ஏற்றிக்கொள்கிறது. வண்டி பெரியது, சிறுநீரகத்தின் சல்லடைக்குள் நுழையாது. எந்த நேரத்திலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் வண்டிக்குள்ளேயே இருக்கும். இறங்கி நிற்கிற ஒன்றிரண்டுதான் வேலை செய்யும், அப்புறம் மறுபடி ஏறிக்கொள்ளும். இப்படியே சுற்றிச் சுற்றி, பாதி தீர ஒரு வாரம் ஆகிறது.

இரண்டு நிமிடம் நீட்ட வேண்டிய கையை வாரம் முழுக்க இலைமேல் நீட்டியபடி வைத்திருக்கிறார்கள்.

ஒரு வாரத்தில் பாதிதான் தீரும் என்பதால் அடுத்த ஊசி பழைய மிச்சத்தின்மேல் ஏறுகிறது. நாலைந்து வாரத்தில் அளவு ஒரு நிலைக்கு வரும். அதனால்தான் 0.25 மில்லிகிராமில் தொடங்கி மாதத்துக்கு ஒரு படியாக ஏற்றுகிறார்கள். பொறுமை இல்லாமல் படியைத் தாண்டினால் குடம் குடமாக வாந்திதான்.

இப்போது அக்காவின் தலை. மூளை தன்னைச் சுற்றி ஒரு காவல் போட்டிருக்கிறது, இரத்தத்தில் ஓடும் பெரும்பாலான பொருள்களை உள்ளே விடாது. ஆனால் பின்மூளையின் அடிப்பகுதியில் ஒரு சின்ன இடத்தில் அந்தக் காவல் தளர்ந்திருக்கும். இரத்தத்தை ருசி பார்த்து, விஷம் தட்டுப்பட்டால் வாந்தியெடுக்க வைப்பது அந்த இடத்தின் பொறுப்பு. அதை ஒட்டியே குடலிலிருந்து வரும் நரம்புச் சேதிகள் வந்திறங்கும் இடமும் இருக்கிறது. பசியைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியின் அடியில் இதேபோல இன்னொரு சன்னல். விலங்குகளில் செமாகுளுடைடு எங்கே போகிறது என்று பார்த்தபோது, முக்கியமாக இந்தச் சன்னல்களில்தான் நின்றது. வயிறு நிறைந்த உணர்வும் குமட்டலும் அங்கே பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் அடுத்த வீட்டிலும் விளக்கு எரிகிறது. மருந்து தொடங்கிய புதிதில் பலருக்கும் குமட்டல் வருவதன் காரணத்தில் பெரும்பங்கு இதுதான். ஹைப்போதலாமஸில், "சாப்பிட்டாயிற்று" என்று சொல்லும் நரம்பணுக்கள் உரக்கப் பேசத் தொடங்குகின்றன, "தேடிப் போ" என்று விரட்டுகிறவை அடங்குகின்றன.

இரைப்பை மெதுவாகக் காலியாவதால்தான் பசி குறைகிறது என்று பலர் சொல்வார்கள். ஆரம்ப வாரங்களில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது. 20 வாரம் செமாகுளுடைடு எடுத்தவர்களைச் சோதித்த ஓர் ஆய்வில் இரைப்பைத் தாமதம் பெரிதாகத் தெரியவில்லை, ஆனால் மதியச் சாப்பாட்டில் அவர்கள் உண்ட கலோரி 35 சதவீதம் குறைவு. ஆக, அக்கா சொன்னதே சரி.

எவ்வளவு என்பதோடு எது என்பதும் மாறுகிறது. 30 பேரை வைத்து 12 வாரம் நடத்தி 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு நாளில் உண்ட கலோரி 24 சதவீதம் குறைந்தது. கொழுப்பு மிகுந்த பண்டங்கள்மீது இருந்த நாட்டமும் குறைந்தது. நம் பேச்சில் இதற்குத் தயாராக வார்த்தை இருக்கிறது: வயிறு நிறைந்தும் கண் நிறையவில்லை என்போம். இந்த மருந்து அந்தக் கண்ணையும் சேர்த்து நிறைக்கிறது. அக்கா சொன்னது இன்னும் நன்றாக இருந்தது. "முன்னெல்லாம் ராத்திரி பதினொரு மணிக்கு ஃப்ரிட்ஜ் என்னக் கூப்பிடும் தம்பி. இப்போ கூப்பிடறதே இல்ல."

அந்த அழைப்பு எல்லோருக்கும் ஒரே சத்தத்தில் கேட்பதில்லை. எனக்கு மெல்லக் கேட்கிறது, அக்காவுக்கு ஒலிபெருக்கி வைத்தாற்போல. இது தெரியாமல் "வாயைக் கட்டினால் உடம்பு இளைக்கும்" என்று அவருக்கு இருபது வருடம் உபதேசம் செய்தவர்களில் நானும் ஒருவன். 1961 பேர் கலந்துகொண்ட பெரிய சோதனை ஒன்றில் இரு பிரிவினருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை கொடுத்தார்கள். 68 வாரத்தில் ஆலோசனையோடு வெறும் ஊசி போட்டவர்களுக்குக் குறைந்தது உடல் எடையில் சராசரி 2.4 சதவீதம். மருந்தும் சேர்ந்தவர்களுக்கு 14.9. உபதேசத்தின் மதிப்பு அந்த 2.4க்குள் எங்கோ இருக்கிறது.

நிறுத்தினால்? அதே சோதனையில் மருந்தை நிறுத்திய ஒரு வருடத்தில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. கையை எடுத்தால் பரிமாறுகிறவர் வந்துவிடுவார், வேறென்ன. குறைகிற எடையில் தசையும் ஒரு பங்கு என்பதால் பருப்பு, பீன்ஸ், முட்டை, மீன் என்று கவனித்துச் சாப்பிட வேண்டும், கொஞ்சம் பளுவும் தூக்க வேண்டும். மலச்சிக்கல் சாதாரணம், பித்தப்பைக் கல் வரலாம், அரிதாகக் கணைய அழற்சி. இன்சுலினும் போடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லி அளவைத் திருத்தாமல் தொடங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். கர்ப்பிணிகளுக்குக் கூடாது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். போலி செமாகுளுடைடு பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரித்திருக்கிறது.

எனக்கு ஆறாத ஒரு விஷயம் உண்டு. அதே 2024இல் இங்கே அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் பேனா வருவது நின்றுபோய், நோயாளிகளைக் குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் மாற்றினார்கள். உலகமெங்கும் எடை ஊசிப் பேனாக்களுக்கு அடிதடி நடந்துகொண்டிருந்த வருடம் அது. கண் மங்கிய கிழவி ஒருத்தி சிரிஞ்சில் கோடு பார்த்து மருந்து இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு இருக்கிறது, பேனா கிடைக்கிறது.

மாமியார் விஷயம் பாக்கி. அன்றிலிருந்து அவர் வெள்ளிக்கிழமைதோறும் மருமகளுக்கு உப்பு மிளகாய் சுற்றுகிறார். ஊசியோ ஞாயிற்றுக்கிழமை. முதல் இரண்டு மூன்று நாளில் மருந்து உச்சத்தில் இருக்கும், அப்புறம் சரிந்துகொண்டே வந்து சனிக்கிழமை தாழ்ந்திருக்கும். அன்றைக்கு மட்டும் அக்காவுக்குப் பசி லேசாக எட்டிப் பார்க்கிறது, இன்னொரு கரண்டி பிரியாணி போட்டுக்கொள்கிறார். "பாத்தியா, சுத்திப் போட்டது வேலை செய்யுது" என்கிறார் மாமியார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுகிறார், சொல்லிவிடாதே என்று.