இலையில்லாத மரத்தில் சாறு ஊறும் மார்ச் மாதம்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மார்ச் மாதத்திலும் பனி முழங்கால் அளவு கிடக்கும். மேப்பிள் மரங்களில் பேருக்கு ஓர் இலை இருக்காது. ஆனால் அடிமரத்தில் இரண்டு அங்குல ஆழத்துக்குத் துளை போட்டு ஒரு சிறு குழாயைச் செருகிவிட்டால், வாளியில் சொட்டுச் சொட்டாகச் சாறு விழ ஆரம்பிக்கும். நாக்கில் விட்டால் முதலில் வெறும் தண்ணீர் போலத்தான் இருக்கும். அப்புறம் மெல்ல இனிப்பு தெரியும். சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். போன கோடையில் இலைகள் தயாரித்து மாவுச்சத்தாகச் சேர்த்துவைத்தது அது.

சரி, இலையே இல்லாத மரம் சாற்றை எப்படி வெளியே தள்ளுகிறது? கோடையில் இலைகள் நீராவியை வெளியேற்றும் இழுப்பில்தான் வேரிலிருந்து நீர் ஏறும். மார்ச்சில் அதற்கு வழியில்லை. வெயில் பட்டதும் சாறு ஏறிவிடுகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஏற்றம் நடப்பதோ இரவில், மரம் உறையும்போது.

மேப்பிள் கட்டையில் நீர் செல்லும் நுண்குழாய்களைச் சுற்றி நார்ச்செல்கள் இருக்கின்றன. பெரும்பாலான மரங்களில் இவற்றுக்குள் நீர் இருக்கும், மேப்பிளில் காற்று. இரவில் குளிர் 0 டிகிரிக்குக் கீழே போனதும், ஃப்ரீசர் சுவரில் பனி படர்வது போல, நார்ச்செல்லின் உட்சுவரில் பனிக்கட்டி படிகிறது. படியப் படிய அது நுண்குழாயிலிருந்து நீரை இழுக்கும். அந்த இழுப்பு வேர்வரை போய், மண்ணிலிருந்தும் நீர் ஏறும். செல்லுக்குள் இருந்த காற்று நடுவே மாட்டிக்கொண்டு இறுகிப்போகும்.

காலையில் வெயில் வந்து 4, 5 டிகிரி ஆனால் போதும். பனிக்கட்டி உருக, இறுகியிருந்த காற்று விரிந்து நீரை நுண்குழாய்க்குள் திருப்பித் தள்ளும். சர்க்கரைக்கும் இதில் பங்கு உண்டு. அது இருப்பது நுண்குழாயில். இடையிலுள்ள செல்சுவர் நீரை விடும், சர்க்கரையை விடாது. அதனால் ஊடுபரவலும் நீரை நுண்குழாய்ப் பக்கமே இழுத்து, அழுத்தம் இறங்காமல் பார்த்துக்கொள்கிறது. துளை கண்ட இடத்தில் சாறு வெளியே வருகிறது.

ஆக, இரவில் உறையாவிட்டால் ஓரிரு நாளில் ஓட்டம் நின்றுவிடும். இதமான வசந்தம், சாற்றைக் காய்ச்சி மேப்பிள் பாகு எடுக்கும் இந்தத் தொழிலுக்கு ஆகாது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அபெனாகி, அனிஷினாபே மக்கள் இந்தப் பருவம் பார்த்துச் சாறு எடுத்தார்கள்.

ஒரு லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் சாறு வேண்டும். காய்ச்சும் கொட்டகை முழுக்க இனிப்பு வாசனையோடு ஆவி புகைந்துகொண்டிருக்கும். தண்ணீரின் கொதிநிலையைவிட 4 டிகிரி கூடினால் பதம் வந்துவிட்டது என்று இறக்குவார்கள்.

மொட்டு வீங்கத் தொடங்கியதும் சாற்றின் வேதியியலே மாறி, பாகில் ஒரு வேண்டாத வாடை ஏறிவிடும். அதோடு குழாய்களைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். மரத்தில் பச்சை தெரிந்து ஊரே வசந்தம் வந்துவிட்டது என்று சொல்லும்போது, இவர்கள் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருப்பார்கள்.