கேம்பிட் என்பதற்கு ஈடு

காரைக்குடியில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்பித்து வருகிறேன். ஒரு சிப்பாயை எதிராளிக்குக் கொடுக்க முன்வந்து ஆட்டத்தைத் தொடங்கும் ‘குயின்ஸ் கேம்பிட்’ என்னும் திறப்பை ஒருநாள் ‘ராணிப் பலி’ என்று சொல்லிவைத்தேன். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன் ராணியையே எடுத்துப் பலகைக்கு வெளியே வைத்துவிட்டாள். பிழை நான் தந்த சொல்லில் இருந்தது.

இத்தாலிய மொழியில் ‘காம்பா’ என்றால் கால். அதிலிருந்து வந்த ‘காம்பெத்தோ’, காலைக் குறுக்கே நீட்டி எதிராளியை இடறிவிடுவதைக் குறித்தது. அச்சொல்லை ஸ்பானியப் பாதிரியார் ரூய் லோப்பஸ் 1561இல் சதுரங்கத் திறப்புக்கு ஆண்டார். நேராகத் தமிழாக்கினால் ‘கால்வாரல்’ என்று வரும். நம் வழக்கில் அது நம்பியவருக்குச் செய்யும் துரோகமாதலால், எதிராளியின் கண்முன்னே வைக்கப்படும் காய்க்கு அது ஒவ்வாது.

ஆட்டத்தில் நடப்பது என்ன? (டி4 போன்றவை கட்டங்களின் பெயர்கள்: எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை. ‘இ3 ஆடியது’ என்றால் ஒரு சிப்பாய் அக்கட்டத்துக்கு நகர்ந்தது என்று பொருள்.) வெள்ளைச் சிப்பாய் டி4இலும் கறுப்புச் சிப்பாய் டி5இலும் எதிரெதிரே நின்றபின், வெள்ளை இன்னொரு சிப்பாயைச் சி4இல் கொண்டுவந்து வைக்கிறது. கறுப்பு அதை வெட்டினால் அதன் நடுச்சிப்பாய் ஓரம் போய்விடுகிறது. நடுக்கட்டங்கள் வெள்ளையின் கைக்கு வருகின்றன. வெட்டிய சிப்பாயைக் காப்பதும் எளிதன்று. வெள்ளை இ3 ஆடியதும் கறுப்பு பி5 என்று தாங்கல் கொடுத்தால், வெள்ளை ஏ4 ஆடும். அப்போதும் விடாமல் சி6 என்று கறுப்பு மேலும் தாங்கினால், பி5இல் சிப்பாய்களை மாற்றிக்கொண்டு வெள்ளை ராணி எஃப்3க்கு வரும். மூலையில் நிற்கும் யானைக்குக் குறி விழுந்துவிட்டபடியால், கறுப்பு ஒரு காயையேனும் இழந்தே தீரவேண்டும்.

ஆகவே பலர் இ6 ஆடி மறுத்துவிடுகின்றனர். 1927 உலகப் பட்டப் போட்டியில் அலேகினும் காபபிளாங்காவும் ஆடிய 34 ஆட்டங்களில் 32 இந்த மறுப்பு வகைதான். அதற்கும் விலை உண்டு: சி8இல் நிற்கும் மந்திரி தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே அடைபட்டுக் கிடக்கும்.

கொடுத்தது மீளும் என்பதே இத்திறப்பின் உயிர். கொடுத்து மீட்பதற்குரிய சொல், வட்டித்தொழிலில் தழைத்த செட்டிநாட்டில் அன்றாடம் புழங்கிய ‘ஈடு’. ஈடு வைத்த நகை கைமாறினாலும், மீட்கும் உரிமை வைத்தவருக்கே உண்டு. இழப்பை நிரப்புவது என்ற பொருளும் இதற்கு இருப்பதால், சிப்பாய் பலவேளை திரும்பாமலே போகும் ‘கிங்ஸ் கேம்பிட்’ என்னும் இன்னொரு திறப்புக்கும் இது பொருந்துகிறது, அங்கே சிப்பாய்க்கு ஈடாக விரைவும் தாக்குதலும் கிடைக்கின்றன.

‘ராணி’ என்பது இங்கே பலகையின் ராணி நிற்கும் பாதியை மட்டுமே குறிப்பதால், ‘ராணிப்பக்க ஈடு’ என்று முழுமையாகச் சொல்வதே நன்று. ஏற்றால் ஈடு ஏற்பு. மறுத்தால் ஈடு மறுப்பு.