இரவில் சூப்பி தேடும் பிள்ளையும் நித்திரை கெடும் பெற்றோரும்

"டொக்டர், சூப்பி வாயில இல்லாட்டிப் பிள்ளை கண்ணே மூடுறானில்லை." வெள்ளவத்தையில் என்னிடம் வரும் அம்மாமார் இதைத் தனியாகக் கேட்க வருவதில்லை. தடுப்பூசிக்கோ சளிக்கோ வந்து, எழும்பிப் போகிற நேரத்தில்தான் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்கும் அம்மம்மா உடனே, "நான் அப்பவே சொன்னனான், உந்தப் பழக்கம் வேண்டாமெண்டு" என்பார். பிள்ளையின் அம்மாவுக்கு முகம் வாடிவிடும். அவருக்கு நான் முதலில் சொல்வது, நீங்கள் பிள்ளைக்குக் கெடுதல் எதுவும் செய்துவிடவில்லை என்பதைத்தான்.

சூப்புவது பிள்ளை கருவிலேயே பழகிக்கொண்டு வருகிற செயல். ஸ்கேனில் விரல் சூப்பும் சிசுவைப் பலர் பார்த்திருப்பீர்கள். பசிக்காகச் சூப்புவது ஒன்று, மனம் ஆறுவதற்காகச் சூப்புவது இன்னொன்று. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இரண்டும் மார்பிலேயே கிடைத்துவிடும். 84 நாள் மகப்பேற்று விடுமுறை முடிந்து அம்மா வேலைக்குப் போகத் தொடங்கும்போதுதான் பல வீடுகளில் சூப்பி வருகிறது. பகலில் பிள்ளையை வைத்திருப்பவர் அம்மம்மாவோ அப்பம்மாவோ; அடுக்குமாடி வீடு; பிள்ளை வீரிட்டு அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அந்த நேரத்தில் சூப்பி கைகொடுக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

சிக்கல் தொடங்குவது இரவில். கைக்குழந்தையின் நித்திரை ஏறக்குறைய 50, 60 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பிள்ளை லேசாக விழிக்கும்; நாமும் அப்படித்தான் விழிக்கிறோம், புரண்டு படுத்துவிடுவதால் நினைவில் நிற்பதில்லை. கண் மூடும்போது வாயில் சூப்பி இருந்தால், விழிக்கும்போதும் பிள்ளை அதையே தேடும். அது விழுந்து தலைமாட்டிலோ கட்டில் ஓரத்திலோ கிடக்கும். எடுத்து வாயில் வைக்க ஐந்து மாதப் பிள்ளையின் கைக்குத் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு ஃபோன் வெளிச்சத்தில் நுளம்பு வலைக்குள் கைவிட்டுத் துழாவும் அப்பாவுக்கு இது நன்றாகத் தெரியும். கண்டெடுத்து வைத்தால் அடுத்த சுற்று முடியும்போது மறுபடியும் அதே வேலை.

ஆகவே மாற்ற வேண்டியது படுக்கப் போடும் நேரத்தை. எல்லோரும் களைத்திருக்கும் நடுச்சாமத்தில் பிள்ளையோடு போராடிப் பயனில்லை. ஆறு மாதம் கடந்த, எடை சரியாக ஏறும் பிள்ளை என்றால் இப்படிச் செய்யச் சொல்வேன். பால் கொடுத்து, உடுப்பு மாற்றி, விளக்கைக் குறைத்து, ஒரே தாலாட்டை ஒவ்வொரு இரவும் பாடுங்கள். சூப்பியைக் கொடுங்கள். சூப்பும் வேகம் குறைந்து, இமை பாதி இறங்கியதும் வாயோரத்தில் விரலை மெல்ல வைத்து அதை எடுத்துவிடுங்கள். பிள்ளை வாயைத் திறந்து தேடும். கீழ்த்தாடையை லேசாகத் தாங்கிப் பிடித்து, நெஞ்சில் மெதுவாகத் தட்டிக்கொண்டு பொறுங்கள். அழுகை கூடினால் திரும்பக் கொடுத்து, மறுபடியும் எடுங்கள். முதல் இரவு ஐந்தாறு தடவை ஆகலாம். வாயில் எதுவும் இல்லாமல் அந்தக் கடைசி நிமிடத்தைக் கடக்கப் பழகிய பிள்ளை, நடுச்சாமத்திலும் தானாகக் கடந்துவிடும்.

ஒரேயடியாக நிறுத்துவதும் ஒரு வழி. முதல் இரண்டு மூன்று இரவுகள் கடினமாக இருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு கிழமைக்குள் பழகிவிடுகிறார்கள். எந்த வழியானாலும் பகலில் பார்ப்பவரும் இரவில் பார்ப்பவரும் ஒன்றையே செய்ய வேண்டும். காய்ச்சல் நேரத்திலும், ஊருக்குப் போகும் கிழமையிலும் தொடங்காதீர்கள். சூப்பியை விட்டு ஏணைக்கு மாற்றுவதும் தீர்வாகாது: ஆட்டம் நின்றதும் பிள்ளை விழிக்கும். கைக்குழந்தைக்குப் பாதுகாப்பான நித்திரை, தலையணை இல்லாத, தட்டையான, உறுதியான மெத்தையில் மல்லாந்து படுப்பதுதான். எட்டு மாதமளவில் பல பிள்ளைகள் தாங்களே எடுத்து வாயில் வைக்கக் கற்றுக்கொள்வார்கள். அப்படியானால் சில காலம் விட்டுவைப்பதிலும் தவறில்லை.

சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வேறு. பிறந்த முதல் மாதத்தில் தாய்ப்பால் நன்றாகப் பிடிபடும் வரை சூப்பி வேண்டாம். பசியின் அறிகுறியை அது மறைத்துவிடும். 2016 கணக்கெடுப்பில், இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். பெருமைப்பட வேண்டிய அந்த நிலையைச் சூப்பிக்காக இழக்க வேண்டாம். பால் நிலைபெற்ற பிறகு, நித்திரைக்குப் போகும்போது சூப்பி கொடுப்பது திடீர் சிசு மரண அபாயத்தைக் குறைப்பதாக அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் சொல்கிறது. நித்திரையில் விழுந்துவிட்டால் திரும்ப வைக்கத் தேவையில்லை என்பதும் அவர்களின் அறிவுரையே. எத்தனையோ பெற்றோர் இந்த இரண்டாவது பாதியைக் கேள்விப்படாமலேயே இரவெல்லாம் எழும்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வயதில் பிள்ளை இரவில் எழும்பினால் பசியாகவும் இருக்கலாம். பாலைத் தள்ளிப்போடச் சூப்பியைக் கொடுக்காதீர்கள்.

என்னைப் பதறவைப்பது ஒன்றுண்டு. பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் போட்ட பஞ்சாயுதச் சங்கிலியோடு, ரிப்பனில் கோர்த்த சூப்பியும் சில பிள்ளைகளின் கழுத்தில் தொங்கும். கட்டில் கம்பியிலோ கைப்பிடியிலோ அது மாட்டினால் கழுத்து இறுகிவிடும். நித்திரையில் பிள்ளையின் கழுத்தில் எந்தக் கயிறும் வேண்டாம். உடுப்பில் கொழுவும் நாடாவையும் கழற்றிவிடுங்கள். அழுகையை நிறுத்தச் சூப்பியைத் தேனில் தோய்த்துக் கொடுப்பதும் ஆபத்து. ஒரு வயதுக்கு முன் தேன் கொடுத்தால், அதிலிருக்கக்கூடிய கிருமி விதைகள் குடலில் வளர்ந்து தசைகளைத் தளரவைக்கும் பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கலாம். சூப்பியின் இறப்பர் வெடித்திருக்கிறதா என்று அடிக்கடி இழுத்துப் பாருங்கள், வெடித்திருந்தால் எறிந்துவிடுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகும் பகல் முழுக்கச் சூப்பும் பிள்ளைகளுக்கு நடுக்காது அழற்சி கூடுதலாக வருகிறது. அடிக்கடி காது வலியென்று வரும் பிள்ளைக்கு, மருந்தோடு சூப்பியைக் குறைக்கவும் சொல்லி அனுப்புவேன். மூன்று வயதைத் தாண்டியும் தொடர்ந்தால், வாயை மூடினாலும் மேல், கீழ் முன்பற்கள் தொடாமல் இடைவெளி விழலாம். அதற்கு முன் படிப்படியாக நிறுத்திவிட்டால் பல பிள்ளைகளுக்கு அது தானாகவே சரியாகும். மிளகாயோ வேப்பெண்ணெயோ பூசி மறக்கடிக்க வேண்டாம். அந்த வயதுப் பிள்ளையிடம் கதைத்து விளங்கவைக்கலாம். பிள்ளை வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, சளி இல்லாத நாளிலும் குறட்டை விடுகிறது என்றால் சூப்பியைக் காரணமாக்காமல் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.